எஸ்.எஸ்.ஹெச்சில் திறக்கிறது, உபுண்டு திரையில் மறுக்கிறது

விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) நிறுவிய உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) உங்கள் கடவுச்சொல்லை மறுக்கிறதா? கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது. எஸ்.எஸ்.ஹெச் (வேறொரு கணினியிலிருந்து கட்டளைவரியில் நுழையும் வழி) வழியாக ஏற்றுக்கொண்டு, விர்ச்சுவல்பாக்ஸ் திரையில் மட்டும் 'தவறு' என்கிறதென்றால், பெரும்பாலும் விசைப்பலகைதான் காரணம்.

இங்கே ரியூனியன் தீவில் நம் மடிக்கணினிகளில் இருப்பது அசெர்ட்டி எனும் பிரெஞ்சு விசைப்பலகை. எஸ்.எஸ்.ஹெச்சில் அடிக்கும்போது மடிக்கணினியின் இந்த அமைப்பே வேலை செய்வதால் சிக்கலில்லை. ஆனால் உபுண்டுவை நிறுவும்போது அமெரிக்க விசைப்பலகை அமைப்பை அப்படியே விட்டிருப்பீர்கள். அதனால் 'ஏ' அடித்தால் 'க்யூ' விழும், 'எம்' அடித்தால் அரைப்புள்ளி. ஷிஃப்டுடன் 9 அடித்தால் அடைப்புக்குறி! கடவுச்சொல் புள்ளிகளாகத் தெரிவதால் இது கண்ணில் படாது.

1. கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திவிட்டு, மெதுவாக அடித்துப் பாருங்கள்.

2. எழுத்து மாறினால், எஸ்.எஸ்.ஹெச்சில் நுழைந்து சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கீபோர்டு-கான்ஃபிகரேஷன்' கட்டளையை (sudo dpkg-reconfigure keyboard-configuration) கொடுத்து, பிரெஞ்சைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் உபுண்டு மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆனால் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, மறுபடி அதே லாகின் திரைக்கே திரும்பினால் இது வேறு கோளாறு. முதலில் உபுண்டுவின் வட்டு (சேமிப்பிடம்) நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.