பிரேக் மிதித்தால் இன்ஜின் ஏன் திணறுகிறது?

கேள்வி: வணக்கம் சார். அப்பா 1998-இல் வாங்கிய மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி, இப்போது நான்தான் ஓட்டுகிறேன். காட்பாடியிலிருந்து வேலூர் வரும்போது கிரீன் சர்க்கிள் நெரிசலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் இன்ஜின் நடுங்குகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. காலை எடுத்தால் உடனே சரியாகிவிடும். பிரேக்கும் முன்பு மாதிரி இல்லை, கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக் மாற்றியாயிற்று. மெக்கானிக் இரண்டு முறை ஐடிலிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை, ஏற்றி வைத்தார், பத்து நாள் தாங்குகிறது, அப்புறம் பழையபடிதான். அடுத்த மாதம் அம்மாவை ஏலகிரிக்கு அழைத்துப்போக வேண்டும். கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: வணக்கம்மா. காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் மேல் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ஐடிலிங் ஸ்க்ரூவையும் இனி யாரும் தொட வேண்டாம். காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது, பிரேக் கெட்டியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது பிரேக் பூஸ்டர் மேல்தான்.

பானட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம், பிரேக் ஆயில் டப்பாவுக்குப் பின்னால், கறுப்பாக ஒரு வட்டச் சட்டி தெரியும். அதுதான் பூஸ்டர். அதிலிருந்து ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். பெட்ரோல் இன்ஜின் காற்றை இழுக்கும்போது அங்கே உண்டாகும் வேக்குவத்தை, அதாவது காற்றழுத்தக் குறைவைத்தான், பூஸ்டர் வாங்கி வைத்துக்கொள்கிறது. சட்டிக்குள் நடுவில் தடுப்பு மாதிரி ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதன் இரண்டு பக்கமும் வேக்குவம். நீங்கள் பெடலை மிதித்ததும் பின்பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழையும், அந்த அழுத்தம் டயாஃப்ரத்தை முன்னால் தள்ளி உங்கள் காலுக்குத் துணை செய்யும். டயாஃப்ரம் கிழிந்திருந்தால், சும்மா இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே வேக்குவம் என்பதால் ஒன்றும் தெரியாது. மிதித்த நொடியில் வெளிக்காற்று கிழிசல் வழியாக முன்பக்கம் வந்து, ஹோஸில் ஏறி, நேராக இன்ஜினுக்குள் போய்விடும். கார்புரேட்டருக்கு இந்தக் காற்றின் கணக்கு தெரியாது, அது பழைய அளவுக்கே பெட்ரோல் கொடுக்கும், கலவையில் பெட்ரோல் குறைந்துபோய் இன்ஜின் நடுங்கும். உள்ளே வெளிக்காற்றைத் திறந்து மூடும் கன்ட்ரோல் வால்வ் சரியாக மூடாவிட்டாலும் இதே கதைதான்.

ஹோஸ் வெடித்திருந்தால் பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் எப்போதும் நடுங்கும். உங்கள் வண்டி அப்படி இல்லை. ஆனாலும் நம்ம ஊர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், இன்ஜின் சூட்டோடு சேர்ந்து இத்தனை வருஷம் வெந்த ரப்பர் அது, ஒரு தடவை வளைத்துப் பார்ப்பது நல்லது. இது வண்டியின் குறை கிடையாது, வயசு.

வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, டயருக்குக் கல் கொடுத்துவிடுங்கள். இன்ஜின் ஆஃபில் பெடலை நான்கைந்து முறை மிதித்தால் அது கெட்டியாகும், அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல பூஸ்டர் என்றால் கால் லேசாக உள்ளே இறங்கும், இறங்காவிட்டால் வேக்குவம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்து அப்படியே அரை நிமிடம் வைத்திருங்கள். மிதித்து விடும்போது ஒரு நொடி சத்தம் மாறி உடனே சமாளித்துக்கொண்டால் பரவாயில்லை, அது இயல்பு. பிடித்திருக்கும் அரை நிமிடமும் நடுக்கம் தொடர்ந்து, பெடலுக்குப் பக்கத்தில் 'உஸ்ஸ்' என்று காற்றுச் சத்தமும் கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னும் உறுதியாக வேண்டுமானால் மெக்கானிக்கிடம் சொல்லி, ஹோஸை பூஸ்டரிலிருந்து கழற்றி அதன் வாயை இறுக்கமாக அடைத்துவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கம் போய்விட்டால் கோளாறு பூஸ்டரில்தான். ஹோஸை பிளையரில் நெரிக்க வேண்டாம், பழைய ரப்பர் பிளந்துவிடும். அடைத்த நிலையில் வண்டியைத் தெருமுனை வரைகூட எடுக்கக் கூடாது, பிரேக்குக்குத் துணையே இருக்காது.

ஸ்டாப் லைட் எரியும் கரன்ட் லோடால் இன்ஜின் இறங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். பின்னால் இரண்டு 21 வாட் பல்பு, அவ்வளவுதான். ஹெட்லைட் ஒவ்வொன்றும் 55 வாட்டுக்குக் குறையாது. ஹெட்லைட் போட்டும் இன்ஜின் அசையவில்லை என்றால் ஸ்டாப் லைட் மேல் பழி போட வேண்டாம்.

பூஸ்டர் மாற்றுவதாக முடிவானால், அதன் முன்னால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது பூஸ்டர் வாயில் ஈரமாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் கசிந்தால் பிரேக் ஆயில் சட்டிக்குள் இறங்கி ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, டப்பாவில் மட்டும் ஆயில் குறைந்துகொண்டே வரும். அதைக் கவனிக்காமல் புது பூஸ்டர் போட்டால் அதுவும் வீண். ஹோஸில் இருக்கும் ஒன்வே வால்வையும் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, ஏற்றி வைத்த ஐடிலிங்கைப் பழைய அளவுக்கு இறக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

ஐடிலிங்கை ஏற்றியது எனக்குக் கோபம் வரவைக்கிறது, மன்னிக்கவும். பிரேக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று வண்டி சொல்ல, நாம் அதன் வாயை அடைத்திருக்கிறோம். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் மிதித்து இன்ஜின் நின்றுவிட்டால், நல்ல பூஸ்டரில் சேர்த்து வைத்த வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்காவது வரும், கிழிந்ததில் அதுவும் இருக்காது. பிரேக் போய்விடாது, ஆனால் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், முழுப் பலத்தோடு ஒரே மிதியாக மிதிக்க வேண்டும், விட்டு விட்டு அடித்தால் மிச்சமிருக்கும் வேக்குவமும் தீர்ந்துவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளவே கூடாது. அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு இந்தப் பரீட்சை வேண்டாமே. வேலையை முடித்துவிட்டு, சத்துவாச்சாரி பக்கம் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு மலை ஏறுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய டீசல் கார். எனக்கும் பிரேக் கெட்டியாகிவிட்டது, ஆனால் இன்ஜின் நடுங்கவில்லை. அப்படியென்றால் பூஸ்டர் நன்றாக இருக்கிறதா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பழைய டீசல் இன்ஜினின் மேனிஃபோல்டில் பூஸ்டருக்குப் போதுமான வேக்குவம் இருக்காது, அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள், பல வண்டிகளில் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பூஸ்டர் கிழிந்தாலும் அந்தக் காற்று இன்ஜினின் கலவைக்குள் போகாது, அதனால்தான் உங்களுக்கு நடுக்கம் இல்லை. முதலில் ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து பம்பிலிருந்து வரும் ஹோஸ், கடைசியாக பூஸ்டர். பெல்ட் அறுந்தால் சார்ஜ் லைட் எரியும், கூடவே பிரேக்கும் கெட்டியாகும், ஆகவே ஓடும்போது அந்த லைட் எரிந்தால் பேட்டரிதானே என்று விட்டுவிடாமல் வண்டியை மெதுவாக ஓரம் கட்டுங்கள்.