சீ.ஆர். கொப்பியில் இருந்த சுயவிபரக்கோவை

மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கமிருந்து போன வாரம் ஓர் அம்மா, மகனின் வேலை விடயமாக ஆலோசனை கேட்டு, அவரோடு என்னிடம் வந்திருந்தார். கையில் டவுன் கொமினிகேஷன் கடையில் டைப் அடித்த சுயவிபரக்கோவை, நான்கு பக்கம். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டவில்லை. ஏழு இடத்துக்கு வேலை கேட்டு அனுப்பியும் ஓர் அழைப்பும் வரவில்லை. கொழும்பு மாமா சொன்னாராம், தனியார் நிறுவனம் ஒன்றில் கம்பியூட்டர் டிகிரிக்குச் சேர்த்துவிட்டால்தான் சுயவிபரக்கோவையில் போட ஏதாவது இருக்கும் என்று. அதற்குப் பணம்? அம்மா 50 வயதில் தோட்டத்தில் பேர் வெட்டி, அதாவது வேலையிலிருந்து ஓய்வுபெற்று எடுத்த சேமலாப நிதி.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பணத்தைக் கேள்விப்பட்டதும் சொன்னது வேறு: அம்மா, அதைத் தொடவேண்டாம். முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த காசு அது. தம்பிக்கு விருப்பமில்லாத ஒரு படிப்பை ஒரு தாளில் ஒரு வரியாகப் போடுவதற்காக அதைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கட்டணம் கட்டப்போவது அவரில்லை, படிக்கப்போவதும் அவரில்லை.

சரி, நான்கு பக்கத்தில் என்ன இருந்தது? மதம், அப்பாவின் தொழில், பொழுதுபோக்கு, தம்பிக்கே அர்த்தம் சொல்லத் தெரியாத ஆங்கில வாக்கியம் ஒன்று. சனி, ஞாயிறில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மூன்று வருடமாக ஒரு வயரிங் பாஸோடு, அதாவது மின்வேலை மேஸ்திரியோடு போகிறாராம். "அது கூலி வேலைதானே சேர், அதை எப்படி எழுதுறது?" என்றார் அம்மா.

தம்பி பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை, அதுதான் அந்தப் பெரிய தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தார், ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. வேலை செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: எத்தனை பொயிண்ட், எத்தனை யார் (கஜம்) வயர், ட்ரிப் சுவிட்ச் எங்கே, எர்த் எப்படி இறக்கியது. படமும் கீறியிருந்தார். அதைக் காட்டும்போதுதான் முதன்முறையாக நிமிர்ந்து பேசினார்.

இந்த அனுபவத்துக்கு அரசாங்கச் சான்றிதழ் எடுக்க ஒரு வழி இருக்கிறது. மலையகத்தில் அதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை: முன்கற்றலை அங்கீகரித்து வழங்கும் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே கற்றவர்களுக்கானது. நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் முதலில் உங்களோடு பேசி, நீங்கள் கொண்டுவரும் ஆதாரங்களைப் பார்ப்பார்: வேலைப் படங்கள், பாஸ் கொடுக்கும் கடிதம், வீட்டுக்காரர் எழுதித் தரும் இரண்டு வரி, இந்தக் கொப்பி. அப்புறம் செய்முறைச் சோதனை. வயரை நீங்கள் இணைப்பீர்கள், அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஏதாவது பகுதியில் குறை இருந்தால் அதை மட்டும் கற்றுக்கொண்டு திரும்ப வரலாம். நான்காம் மட்டச் சான்றிதழ் கையிலிருந்தால் ஐந்து, ஆறாம் மட்ட டிப்ளோமாவுக்கு ஏறலாம். ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம், அதற்கு இரத்மலானையில் தொழில்நுட்பவியலுக்கென்றே அரச பல்கலைக்கழகம் இருக்கிறது. டிகிரி வேண்டும் என்ற மாமாவின் ஆசைக்கும் அந்தப் பாதையில் இடமுண்டு.

இனி சுயவிபரக்கோவை. ஒரு பக்கம் போதும். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கட்டும். நம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று பெயர் கிடப்பது வழக்கம், அதை முதலில் திருத்துங்கள். தோட்டத்து விலாசத்தை மறைத்து நகரத்து உறவினர் விலாசத்தைப் போடவேண்டாம். பரீட்சைப் பெறுபேறுகளுக்கு முன்பாகவே வேலை அனுபவம் வரட்டும்: எந்த வருடத்திலிருந்து, எத்தனை வீடுகள், எந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியும், எதைப் பாஸின் மேற்பார்வையில் செய்தேன் என்று உள்ளதை உள்ளபடி. பாஸோடு பேசிப் பேசி வந்த சிங்களத்தையும் எழுதுங்கள் தம்பி, ஹோட்டல் பராமரிப்புப் பிரிவு போன்ற வேலைகளுக்கு அது பெரிய விஷயம். சான்று சொல்ல உறவினர் அல்லாத இருவர் வேண்டும். ஒருவர் உங்கள் வர்த்தக ஆசிரியர், மற்றவர் பாஸ். இருவரிடமும் முதலில் கேட்டுவிட்டுத்தான் தொலைபேசி இலக்கத்தைப் போடவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கொப்பியோடு வாருங்கள், பக்கம் பக்கமாக எண்ணி எழுதுவோம். அம்மா, நீங்கள் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டாம்.