வாடகையை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: வயது 36, சென்னையில் ஐ.டி. வேலை, மாதம் 85 ஆயிரம் கைக்கு வருகிறது. தாம்பரத்தில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். நாவலூரில் 50 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் விலைக்கு வருகிறது. லோன் போட்டு வாங்கி, 15 ஆயிரத்துக்கு வாடகைக்கு விட்டு, ஒரு வருடத்தில் வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்க ஆசை. செய்யலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், சென்னை

பதில்: வீடு வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடமே வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு, அதாவது உங்களுக்கு 40 லட்சம். மீதி 10 லட்சமும், முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம் என்று இன்னொரு நாலரை லட்சமும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். 40 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 34,700 ரூபாய். வாடகை 15 ஆயிரம். ஆக மாதாமாதம் ஏறக்குறைய 20 ஆயிரம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும், அதுவும் வீடு ஒரு மாதம்கூடக் காலியாக இல்லாமல், சொத்து வரி, மராமத்து எதையும் சேர்க்காமல். வாடகை கடனைக் கட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் இந்தக் கணக்கில் கடனைக் கட்டுவது உங்கள் வேலைதான். வேலையை விட்டால் அந்த 20 ஆயிரத்தையும், வீடு காலியாக இருந்தால் 34,700-ஐயும் தொழிலில் போட வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துத்தான் கட்டுவீர்கள். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வராக்கடன் என்று எழுதிவிடும், அப்புறம் வீட்டை ஏலம் விடுகிற வழியெல்லாம் அவர்களுக்குத் திறந்துவிடும்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. நாவலூரில் உங்களிடம் குடியிருக்க வருபவரும் பெரும்பாலும் ஐ.டி. ஊழியராகவே இருப்பார். 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை என்று சொந்த ஊருக்குப் போனபோது நாவலூர் இருக்கும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வீடுகள் வரிசையாகக் காலியானதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் துறைக்கு ஒரு அடி விழுந்தால் சம்பளம், வாடகை இரண்டும் ஒரே நேரத்தில் ஆடும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ரயில் நிலையம் பக்கத்தில், பல தொழில் செய்பவர்கள் குடியிருக்கும் இடத்தில் இதே விலைக்கு வீடு கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள், வீடு கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

வரிச் சலுகையை நம்பியும் இறங்காதீர்கள். பழைய வரி முறையில், வாடகையைவிடக் கடன் வட்டி அதிகமாகி வீட்டு வாடகைக் கணக்கில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம், புதிய முறையில் சம்பளத்தில் கழிக்கவே முடியாது.

ஒரு வருட இ.எம்.ஐ., நாலேகால் லட்சம், தனியாக வங்கியில் இருக்கட்டும். தொழிலை வேலையில் இருந்துகொண்டே சின்னதாகத் தொடங்கி, அந்த மாதாமாதம் 20 ஆயிரத்தை அதிலிருந்தே எடுக்க முடிகிற நாள் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது பேசுவோம்.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். செலவு போக மாதம் 50 ஆயிரம் நிற்கும். சம்பளச் சீட்டு இல்லாத எனக்கு, வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க லோன் கிடைக்குமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கிடைக்கும் அம்மா, ஆனால் கையில் புரளும் பணத்தை வங்கி பார்க்காது, இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைத்தான் கேட்கும். பலர் வரவில் 8 சதவீதம்தான் லாபம் என்று குறைத்துக் காட்டிவிட்டு, பிறகு கடன் குறைவாக வருகிறதே என்று வருந்துகிறார்கள். உங்கள் 6 லட்சத்தை உள்ளபடியே காட்டுங்கள். புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி வராது. கடை வரவு முழுவதையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள், இரண்டு வருடத்தில் அந்தக் கணக்கைக் காட்டியே மேனேஜரிடம் தெம்பாகக் கேட்கலாம்.