லீவில் வந்தவர் மாலுமிப் படத்தில் மூழ்கினால்...

கேள்வி: என் கணவர் கடற்படையில் இருக்கிறார். செயிலிங் போனால் மாதக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. லீவில் வந்தாலோ, ஹாலிவுட்டின் பழைய மாலுமிப் பாட்டுப் படங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எல்லாப் படத்திலும் கரை இறங்கியதும் பெண்களைத் துரத்துகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது, உள்ளுக்குள் பயமாகவும் இருக்கிறது. கேட்டால் சிரிக்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், விசாகப்பட்டினம்

பதில்: எரிச்சல் நியாயமானது, சகோதரி. பயத்துக்குத்தான் காரணம் தெரியவில்லை. நீங்கள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்று அரைகுறையாகப் பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

1949-ல் வந்த 'ஆன் தி டவுன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் காலை ஆறு மணிக்கு மூன்று மாலுமிகள் கப்பலிலிருந்து பாய்ந்து வருவார்கள். 24 மணி நேரம்தான் லீவு. அவர்களில் ஒருவராக வரும் ஃபிராங்க் சினாட்ராவின் கையில் தாத்தா காலத்து வழிகாட்டிப் புத்தகம். அதில் உள்ள இடங்களையெல்லாம் பார்த்துவிடத் துடிக்கிறார். டாக்ஸி ஓட்டும் பெண்தான் 'அதெல்லாம் இருக்கட்டும், என் வீட்டுக்கு வா' என்று விடாமல் துரத்துகிறாள்! இன்னொரு மாலுமியாக வரும் ஜீன் கெல்லியோ சுரங்க ரயில் சுவரொட்டியில் கண்ட பெண்ணைப் பெரிய பிரபலம் என்று நம்பி ஊரெல்லாம் தேடுகிறார். கடைசியில் பார்த்தால் அவள் அவருடைய சொந்த ஊர்க்காரி. மறுநாள் காலை ஆறு மணிக்கு இவர்கள் கப்பலேற, அடுத்த மூன்று பேர் அதே துள்ளலோடு இறங்கி ஓடுகிறார்கள்.

இந்தக் கதை முதலில் மேடைக்கு வந்தது 1944-ல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. லீவு முடிந்து அந்தப் பையன்கள் எங்கே போவார்கள் என்பது அன்று அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு அவசரம், அவ்வளவு ஆட்டம். உங்கள் கணவரைச் சிரிக்க வைப்பதும் அந்த அவசரம்தான் என்பது என் ஊகம். லீவு நாள் கரைவது அவருக்குத் தெரியாதா என்ன?

உங்கள் கோபத்துக்குத் தோதான படமும் உண்டு. 1936-ல் வந்த 'ஃபாலோ தி ஃப்ளீட்'. மாலுமியாக வரும் ராண்டால்ஃப் ஸ்காட் அதில் ஒரு பெண்ணிடம் இனிக்க இனிக்கப் பழகிவிட்டு, கல்யாணப் பேச்சு எடுத்ததும் நழுவுகிறார். அந்தக் காட்சியில் தாராளமாகத் திட்டுங்கள், உங்கள் கணவரும் சேர்ந்து திட்டுவார். நாயகன் ஃப்ரெட் அஸ்டைரும் நாயகி ஜிஞ்சர் ராஜர்ஸும் கடைசியில் ஆடும் ஆட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ஜிஞ்சர் போட்டிருந்த மணி கோத்த கனத்த கவுனின் கை, சுழன்று வந்து அஸ்டைர் முகத்திலேயே அடித்ததாம். இருந்தும் நிறுத்தாமல் ஆடியிருக்கிறார்.

சரி, உங்கள் விஷயம். பயத்தை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், சிரிப்பு அடங்கிய பிறகு இன்னொரு முறை. வாரம் ஒரு படம், இரண்டு பேரும் சேர்ந்து. மற்ற சாயங்காலங்கள் வெளியில். ஆனால் ஆர்.கே. பீச் வேண்டாம், அங்கிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் மியூசியத்துக்குள் உங்களை இழுத்துக்கொண்டு போய் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கைலாசகிரிக்குப் போங்கள்.