ஒருங்குறியில் (எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொதுத் தரமான யூனிகோடில்) மங்கோலிய எழுத்து எவ்வாறு குறியேற்றப்படுகிறது? ஓர் எழுத்துக்குப் பல வடிவங்கள் இருக்க எண் மட்டும் ஏன் ஒன்று?

எழுத்துருப் பணியிலோ தேடல் நிரல் எழுதுவதிலோ இறங்கி, திரையில் காண்பதும் கோப்பில் இருப்பதும் ஒத்துவராத நிலையில்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் மங்கோலிய மொழியில் புலமை பெற்றவன் அல்லன்; அம்மொழி நூல்களைக் கணினியில் தேடும்படி ஆக்கும் பணியில் இருந்தவன் என்ற அளவிலேயே எழுதுகிறேன்.

1999இல் வந்த 3.0 பதிப்பில் இந்த எழுத்துமுறையைச் சேர்த்தபோது, ஒருங்குறி வடிவத்துக்கு எண் தரவில்லை, ஒலிக்குத் தந்தது. ‘ந’ ஒலிக்குரிய எழுத்தைப் பாருங்கள். அது சொல்லின் முதலிலும் இடையில் உயிருக்கு முன்னும் புள்ளி பெறும். மெய்க்கு முன் புள்ளியை இழக்கும். ஈற்றில் வாலாக நீளும். இத்தனை இடங்களிலும் கோப்பில் இருப்பது 1828 என்ற ஒரே பதினாறடிமான எண்தான். அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பார்த்து உரிய வடிவத்தை இடுவது எழுத்துருவின் வேலை. பொது விதியை மீறிய வடிவம் தேவைப்பட்டால், எழுத்தை அடுத்துக் கண்ணுக்குத் தெரியாத தேர்வுக்குறி ஒன்றை இடவேண்டும். முதலில் மூன்றாக இருந்த அக்குறிகளோடு நான்காவது 2021இல் சேர்ந்தது.

மறுபுறம், ஓகாரமும் (1823) உகரமும் (1824) பார்வைக்கு ஒன்றேயாயினும் எண்ணால் வேறு. ‘மங்கோல்’ என்பதை இரண்டில் எதை இட்டுத் தட்டினாலும் தாளில் ஒரே சொல்தான் தெரியும். தேடினால் ஒன்று மற்றதைக் காட்டாது. தமிழில் ஔகாரத்துக்கு ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டுவோர் தரும் தொல்லை இதே வகையைச் சேர்ந்தது.

எங்கள் பணியில் சிக்கல் முற்றியது வேறோர் இடத்தில். சுவரைக் குறிக்கும் ‘கன’ போன்ற சொற்களில் ஈற்று அகரம் முன்னெழுத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். இடையே உயிர்ப் பிரிப்பான் என்னும் குறி உண்டு. 2013இல் வந்த 6.3 பதிப்புக்கு முன்பு ஒருங்குறி அதை இடைவெளி வகையில் வைத்திருந்தது. அப்பதிப்பில்தான் வடிவக் கட்டுப்பாட்டுக் குறியாக மாற்றியது. எங்களிடம் இருந்த பழைய நிரலோ அதை இடைவெளியாகவே கொண்டு ஒரு சொல்லை இரண்டாக வெட்டியது. நிரலைத் திருத்தினால் போதும் என்று நான் எழுதிக் கொடுத்தும், கண்ணுக்குத் தெரியாத குறிகள் அனைத்தையும் நீக்கிவிடும்படி மேலிடம் உத்தரவிட்டது. அகரம் நகரத்தோடு ஒட்டிக்கொண்டு, மெய்ப்புப் பார்த்தவர் பக்கம் பக்கமாகப் பிழை குறித்து அனுப்பினார். அதற்குப் பின்னும், பக்கங்களைப் படங்களாகப் போட்டுவிடலாம் என்றே யோசனை சொன்னார்கள். படத்தில் சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றவருக்கு அதைக் கருவி படித்துக் காட்டாது. ஓர் எழுத்துமுறையை ஒரு வரிகூடப் படித்தறியாதவர்கள் அதில் எது குப்பை என்று தீர்மானிப்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

வடிவத்தையே குறியேற்றியிருந்தால் இத்தொல்லை இராதே என்று சிலர் மறுக்கக்கூடும். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. குறியேற்ற வல்லுநர்களிடையேயும் அது விவாதிக்கப்பட்டதுதான். ஆனால் ஓகாரமும் உகரமும் ஒன்றாகிவிட்டால், உரையை, மங்கோலிய மொழியை எழுதும் மற்றோர் எழுத்துமுறையான சிரிலிக்குக்கு மாற்றும் நிரலும் வாய்விட்டுப் படிக்கும் நிரலும் ஒலியை ஊகித்தே அறியவேண்டிவரும்.

ஆகவே மூல உரையில் கைவைக்காதீர்கள். 1823 முதல் 1826 வரையுள்ள நான்கு உயிர்களையும் தேடல் அட்டவணையில் மட்டும் ஒன்றாகக் கொள்ளுங்கள். முதல் அசைக்குப் பின் அவை நான்கும் ஒரே தோற்றம் கொள்பவை. தகர டகரங்களுக்கும் (1832, 1833) அவ்வாறே செய்யலாம். உயிர்ப் பிரிப்பானைச் சொல்லின் உறுப்பாகவே நடத்துங்கள்.