வாறன் என்று சொல்லு: தேவதைக்கதைச் சாகசங்கள் பற்றி ஒரு கேள்வி பதில்

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து, டைஸ் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்க்கும் விளையாட்டை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினொரு வருடமாக நடத்தி வருகிறேன். பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு. அதிலும் எனக்குப் பிடித்தது ஒரே வகைதான்: பேசும் தவளை, பலகாரக் குடிசை, காகத்தின் கலியாணம் என்று சிரிப்பாகத் தொடங்கி, கவனம் பிசகினால் ஆளை எடுத்துவிடும் தேவதைக்கதை. அதைப் பற்றிக் கொழும்பு விளையாட்டுக்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கே (தெஹிவளை): அக்கா, பகிடியும் வேணும், உயிராபத்தும் வேணும் என்றால் எப்படி எழுதுவது? எங்கள் மேசையில் பகிடி தொடங்கியதும் பயம் ஓடிவிடுகிறது.

ப: பகிடியை ஒரு அறையிலும் ஆபத்தை அடுத்த அறையிலும் வைத்தால் அப்படித்தான் ஆகும். சிரிக்க வைக்கிற பொருளேதான் கொல்லவும் வேண்டும்.

நான் நடத்திய ஒன்றைச் சொல்கிறேன். காட்டுக்குள் ஒரு காகக் கலியாணம். வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒரு கிழவிக் காகம் நிற்கிறது. யாராவது புறப்படும்போது "போறன்" என்றால், "போறன் எண்டு சொல்லாதை பிள்ளை, வாறன் எண்டு சொல்லு" என்று திருத்துகிறது. நம் எல்லோர் வீட்டிலும் அம்மம்மா சொன்னதுதானே, மேசை சிரித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வால்காக்கை மாமா அவசரமாக எழும்பி "போறன்" என்று சொல்லிப் படியிறங்குகிறார். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சோடிச் செருப்பை எடுத்து வாசலில் இருக்கிற வரிசையில் வைக்கிறது. வரிசை நீளமானது, செருப்பில் தூசி. மூன்றாவது தடவை அதை மணப்பெண்ணே பாட்டாகப் பாடுகிறாள். இவ்வளவும் நடந்த பிறகு, எங்கள் கள்வன் மணப்பெண்ணின் அட்டிகையை மடியில் கட்டிக்கொண்டு, வெற்றிக் களிப்பில், "சரி பாட்டி, நான் போறன்!" என்றான்.

நான் டைஸைத் தொடவில்லை. "வாசலில் இன்னொரு சோடிச் செருப்பு கிடக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "மூன்று தரம் சொன்னீங்கள் அக்கா" என்றான். அந்த வாக்கியம்தான் எனக்கு வேண்டியது. செத்தவன் வாயாலேயே அது நியாயம் என்று வரவேண்டும். அதனால் எல்லாருக்கும் ஒரே எச்சரிக்கை: மூன்று தரம் சொல்லாமல் கொல்லாதீர்கள். முதல் தரம் பகிடியாக, இரண்டாம் தரம் வேறொருவருக்கு நடப்பதாக, மூன்றாம் தரம் பாட்டாகவோ பழமொழியாகவோ.

கே (கொட்டாஞ்சேனை): இருபது முக டைஸ் கொழும்பில் எங்கே வாங்கலாம்?

ப: கடை தேடிக் காத்திருக்க வேண்டாம். ஒன்றிலிருந்து இருபது வரை துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து, பிஸ்கட் ரின்னில் போட்டுக் குலுக்குங்கள். எடுத்த துண்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். போனிலும் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

கே (பம்பலப்பிட்டி): விஷ ஆப்பிளைக் கடித்தால் ஒரு சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் டைஸ்), தோற்றால் மரணம். இது போதாதா?

ப: கணக்குப் பார்ப்போம். இருபது முக டைஸில் பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் தப்பலாம் என்று வைத்தால் ஆளுக்கு 50 சதவீதம். நாலு பேரும் கடித்தால் நாலு பேரும் தப்புவதற்கு 16இல் ஒரு வாய்ப்பு. மற்ற 15இலும் ஒருவராவது போய்விடுவார். ஏன் போனார் என்று கேட்டால் "எட்டு விழுந்தது" என்பதுதான் பதில். அதில் கதையே இல்லை.

டைஸைச் சாவுக்கு முன்னால் வையுங்கள். ஆப்பிளை நீட்டும் கை நடுங்குவதைக் கவனித்தார்களா, பாதி ஆப்பிளை மட்டும் கிழவி தானே தின்கிறாள் என்பதைக் கண்டார்களா என்பதற்கு உருட்டலாம். கண்ட பிறகும் கடித்தால், அது அவர்கள் எடுத்த முடிவு. சண்டையில் விழுபவருக்கு விதிப்புத்தகம் ஏற்கெனவே தப்ப ஒரு பிடிகயிறு கொடுத்திருக்கிறது: தன் முறை வரும்போதெல்லாம் உருட்டி, பத்தோ அதற்கு மேலோ மூன்று தரம் வந்தால் உயிர் நிலைப்படும், கீழே மூன்று தரம் வந்தால் மரணம். பாருங்கள், அங்கேயும் மூன்று.

கே (கிராண்ட்பாஸ்): விடுகதை வைத்தால் யார் பதில் சொல்வது? ஆடுகிறவரா, அவருடைய பாத்திரத்தின் புத்திப் புள்ளிக்கு டைஸா?

ப: ஆடுகிறவர். டைஸ் துப்பு மட்டும் கொடுக்கலாம்.

ஆனால் விடுகதையைப் பூட்டாக வைக்காதீர்கள், பொறியாக வையுங்கள். வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். பதில் தெரிந்தும் விக்கிரமாதித்தன் சொல்லாமலிருந்தால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரத்துக்கே போய்விடும். சரியான பதிலே அவனைத் தோற்கடிக்கிறது! விளையாட்டுக்கு இதைவிடக் கச்சிதமான ஒன்றை நான் கண்டதில்லை. மகாபாரதத்தின் நச்சுப்பொய்கையும் அதே சாதி. குரல் எச்சரிக்கிறது, நாலு தம்பிமார் கேளாமல் குடித்து விழுகிறார்கள், நின்று பதில் சொன்ன தருமன் தப்புகிறான். அங்கே அசரீரி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் கொல்கிறது.

கே (மட்டக்குளி): குவேனியைக் கடைசி அரக்கியாக வைத்து எழுதுகிறேன். 200 ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற உயிர்க்கணக்கு) போதுமா?

ப: தம்பி, அந்த எண்ணை அழித்துவிட்டு, இலங்கையின் பழைய பாளி வரலாறான மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தை ஒரு சாகசக் குறிப்பாக வாசியுங்கள்.

இளவரசன் விஜயனோடு இலங்கையில் கரையிறங்கியவர்களின் கையில் காப்பு நூல் கட்டப்படுகிறது. ஒரு நாய் வருகிறது. ஊர் இருந்தால்தானே நாய் இருக்கும் என்று ஒருவன், விஜயன் தடுத்தும் கேளாமல், அதன் பின்னால் போகிறான். குளம். மரத்தடியில் தவசி போல இருந்து நூல் நூற்கும் பெண், அவள்தான் குவேனி. அவன் குளித்துத் தண்ணீர் குடித்ததும் "நில், நீ என் இரை" என்கிறாள், அசைய முடியாமல் நிற்கிறான். நூல் கையில் இருப்பதால் தின்ன முடியவில்லை, பள்ளத்தில் எறிகிறாள். இப்படியே 700 பேரும். தேடி வந்த விஜயன் கரையைப் பார்க்கிறான்: உள்ளே போன காலடிகள் உண்டு, வெளியே வந்தது ஒன்றும் இல்லை. என் ஆட்களைக் கண்டாயா என்று கேட்க, அவள் "இளவரசே" என்று கூப்பிடுகிறாள். நான் யாரென்று இவளுக்கு எப்படித் தெரியும்? அங்கே பிடிபடுகிறாள்.

ஈரக் கரையில் ஒரு பக்கக் காலடி. இதைவிட நல்ல துப்பு உங்களுக்கு எங்கே கிடைக்கும்? 200 ஹிட் பாயின்டை வைத்தால் பெடியள் முதல் நிமிடத்திலேயே வாளை எடுத்துவிடுவார்கள், காலடியை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

கே (கொட்டாஞ்சேனை, இன்னொருவர்): ஏற்க முடியாது அக்கா. 700 பேரைத் தின்றவள் அரக்கிதானே? அரக்கியை வெட்ட விடாவிட்டால் ஆடுகிறவர்களுக்கு என்ன சந்தோஷம்?

ப: 700 பேரில் ஒருவரையும் அவள் தின்னவில்லை. மேலே சொன்னேனே, நூல் தடுத்தது. விஜயன் அவள் கழுத்தில் சுருக்கைப் போட்டு வாளை ஓங்கியதும், உயிருக்காகச் சத்தியம் செய்து எல்லோரையும் உயிரோடு திருப்பித் தந்தாள். ஆனால் பசித்தவர்களுக்கு அவள் காட்டிய அரிசி எங்கேயிருந்து வந்தது தெரியுமா? முன்னர் அவள் தின்ற வணிகர்களின் கப்பலிலிருந்து. அந்தச் சோற்றைப் பாத்திரங்கள் சாப்பிடுமா என்று மேசையில் கேட்டுப் பாருங்கள். வாளால் அப்படியொரு அமைதியை உண்டாக்க முடியாது.

கே (தெமட்டகொட): அக்கா, அப்படியென்றால் விஜயன்தான் கெட்டவன் என்கிறீர்களா? அவளை வைத்து நாட்டைப் பிடித்துவிட்டு, மதுரையிலிருந்து இளவரசி வந்ததும் துரத்தியவன் அவன்.

கே (மீண்டும் அதே கொட்டாஞ்சேனைக்காரர்): சத்தியம் செய்தவள் அவள். விஜயன் எதை மீறினான்?

ப: இப்போது சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். உயிருக்காகச் சத்தியம் செய்து கொடுத்தவள் அவள், கடைசிவரை காத்தவளும் அவள். தன் இனத்து யக்கர்களையே காட்டிக் கொடுத்தாள். துரத்தப்பட்டு அவர்களிடமே திரும்பிப் போனபோது ஒரு யக்கனின் அடியில் செத்தாள். பிள்ளைகள் இரண்டும் மலைநாட்டுக்கு ஓடின. அவன் வாயால் எதையும் மீறவில்லை என்று நீங்கள் வாதாடலாம். தேவதைக்கதையில் வாக்குக் கொடுத்தவரை மட்டும் அல்ல, வாக்கு வாங்கியவரையும் வாக்குக் கட்டும். சாகசத்தை அங்கேயிருந்து தொடங்குங்கள்: பாத்திரங்கள் அவளிடம் ஏதோ வாங்கிவிட்டார்கள், மூன்று இரவு கழித்து அவள் வாசலில் நிற்கிறாள். கொல்ல வேண்டுமா கொடுக்க வேண்டுமா என்று நாலு பேரும் இரண்டு மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள், நீங்கள் தேத்தண்ணி குடிக்கலாம். இன்னும் ஏழெட்டுக் கேள்வி இதைப் பற்றியே வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

கே (மருதானை): அந்தக் குளத்தில் இறங்காமல் தப்ப ஆடுகிறவர்களுக்கு வழி வைக்க வேண்டுமா?

ப: கட்டாயம். புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான நளபான ஜாதகத்திலும் இதே காலடி வருகிறது. குளத்து அரக்கனால் தண்ணீரில் இறங்குபவரை மட்டுமே பிடிக்க முடியும் என்று அறிந்த குரங்கரசன், கரையில் இருந்தபடி நாணல் தண்டால் உறிஞ்சிக் குடிக்கச் சொல்கிறான். விதி கொல்லும், அதே விதியின் எழுத்துதான் காப்பாற்றும். நாணலைக் கரையில் முளைக்க விடுவது உங்கள் பொறுப்பு.

கே (வெள்ளவத்தை): டைஸ் எங்கே வாங்குவது?

ப: மேலே பார்க்கவும்.

கே (கொள்ளுப்பிட்டி): நாங்கள் பாதி ஆங்கிலம், பாதி தமிழில் ஆடுகிறோம். தேவதைகளை எந்த மொழியில் பேச வைப்பது?

ப: விதிகளை எப்படியும் பேசுங்கள். பேரம் தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கத்தி நம்மிடம் இருக்கிறது: நாம், நாங்கள். பலகாரக் குடிசையின் கிழவி வாசலில் நின்று, "உள்ளே வாருங்கள், இன்றிரவு நாங்கள் வயிறாரச் சாப்பிடுவோம்" என்கிறாள். கேட்பவரும் சேர்ந்தால் அது "நாம்". அவள் "நாங்கள்" என்றாள். பந்தியில் நீங்கள் சாப்பிடுகிறவர்கள் இல்லை.

பேச்சில் நம்மில் பலர் இரண்டுக்கும் நாங்கள் என்றே சொல்வதால் முதல் தரம் ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். ஆகவே கிழவி வேறு இடங்களில் "நாம்" என்று சரியாகச் சொல்வதைக் காட்டுங்கள். "நாம் எல்லோரும் ஒருநாள் சாகிறவர்கள்தானே" என்று பெருமூச்சு விடட்டும். அவளுடைய பூனை ஒரு குழந்தையைத் திருத்தட்டும். மூன்று தரம். ஒரு முறை இதை நடத்தியபோது, வங்கியில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, வாயருகே கொண்டுபோன தொதலை அப்படியே கீழே வைத்துவிட்டு, "அக்கா, கிழவி என்ன சொன்னவ? அந்தச் சொல்லையே திரும்பச் சொல்லுங்கோ" என்றாள். ஏழு பேர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பிரதிப்பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே பேரத்தின் வாசகத்தை முதலே எழுதி வையுங்கள், இரண்டாம் தரம் கேட்கும்போது ஒரு சொல்லும் மாறக்கூடாது.

கே (நாரஹேன்பிட்டி): ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு ஆடுகிறேன். தேவதைக்கதை என்றால் சாவு வேண்டாம்தானே?

ப: க்ரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் பனிவெண்ணிறப் பெண்ணை (ஸ்னோ வைட்) கொல்லத் தேடியது சித்தி அல்ல, பெற்ற தாய். 1819இல்தான் அவளைச் சித்தியாக்கினார்கள். முடிவில் அவள் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு செத்து விழும்வரை ஆடுகிறாள். பிள்ளைகள் இதையெல்லாம் தாங்குவார்கள். அவர்கள் தாங்காதது அநியாயம். செருப்பாக, கல்லாக, காகமாக மாறட்டும், மீட்க வழியும் இருக்கட்டும். மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சியைத் தாண்டிவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. பெரியவர்களோடும் நான் அதை வைத்தே ஆடுகிறேன்.

கே (பொரளை): சிங்களக் கதைகளில் வரும் மகாசோனா பேயைக் கோமாளியாக்கலாமா?

ப: வேண்டாம். தெற்கில் இன்றும் தொவில் என்ற பேயோட்டும் சடங்கு ஆடி நோய் தீர்க்கிறார்கள், உங்கள் மேசையிலேயே அந்த வீட்டுப் பிள்ளை இருக்கக்கூடும். நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

கே (கல்கிசை): ஏழாம் லெவல் குழுவுக்கு எத்தனை பூதம் சரி?

ப: போர்க் கணக்கு என் துறை இல்லை. டன்ஜன் மாஸ்டர் (விளையாட்டை நடத்துபவர்) கையேட்டில் அட்டவணை இருக்கிறது.

கே (கொம்பனித்தெரு): திடீரென்று கூரை இடிந்து எல்லோரும் சாவது போல ஒரு முடிவு வைத்தால் அதிர்ச்சியாக இருக்கும் அல்லவா?

ப: கூரை மூன்று தரம் கிரீச்சிட்டதா? இல்லையென்றால் முதல் பதிலைத் திரும்ப வாசியுங்கள்.

கே (புறக்கோட்டை): டைஸ்...

ப: பிஸ்கட் ரின், தம்பி.

கே (ஹெந்தலை): செத்த பாத்திரத்தின் விவரம் எழுதிய ஷீட்டைக் கிழித்துவிடுவீர்களா?

ப: ஒருபோதும் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு ஒருவர் மாதக்கணக்கில் பேச்சும் பழக்கமும் கொடுத்திருக்கிறார். எங்கள் அலுமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் பத்தொன்பது ஷீட் இருக்கின்றன. எப்படிப் போனார், மீட்க என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு வரி. கள்வனுடையதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அடுத்த காகக் கலியாணத்தில், அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் வாசலில் நின்று 'வந்திட்டன்' என்று சொல்ல வேண்டும்." இந்தச் சனிக்கிழமை அவனுடைய கூட்டாளிகள் அந்தக் காட்டுக்குத் திரும்புகிறார்கள். அட்டிகை இன்னும் அவன் மடியில்தான் இருக்கிறது.