அப்பாவின் இருமல்

அன்புள்ள அண்ணாச்சி,

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஒரு வருடமாகத் தனியாக ஒரு பாட்காஸ்ட் செய்கிறேன். நேர்காணல், அரட்டை எதுவும் கிடையாது. சத்தத்தையும் பேச்சையும் வைத்துச் சில சோதனைகள், அவ்வளவுதான். ஆறு பகுதிகள் வந்திருக்கின்றன. நாற்பது பேர் கேட்கிறார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். நான்காவது பகுதியில் அப்பா விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பதிவு செய்தேன். சீவீட்டுச் சத்தமும் (சில்வண்டைத்தான் இங்கே சீவீடு என்போம்) அப்பாவின் இருமலும் நிறைய இருந்தன. இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் மென்பொருள் போட்டும் கையால் வெட்டியும் சுத்தம் செய்துவிட்டேன். நல்ல மைக் வாங்கினால் தரம் கூடுமா? நம்மூர்ப் பேச்சு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்கிறார்கள், பொதுத்தமிழுக்கு மாறவா? குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கவிடலாமா? இதைத் தொடரலாமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மைக்குக்காகக் கடன் வாங்காதே. கையில் இருக்கும் போன் போதும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் மட்டும் காற்றுக்கு ஒரு பஞ்சு உறை மாட்டிக்கொள். பேச்சை மாற்றாதே, ‘பைய’ என்றால் என்னவென்று நாலு தடவை கேட்டால் எந்த ஊர்க்காரனுக்கும் தெரிந்துவிடும். நாற்பது பேர் குறைவா? கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு நடு ராத்திரியைத் தாண்டும்போது கண் விழித்திருப்பவர்களை எண்ணிப் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் இருமலை வெட்டி எடுக்க உனக்கு எப்படிடே மனசு வந்தது?

அந்தப் பகுதியை இரண்டு தடவை கேட்டேன். மரத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரித்து இழுக்கும் சத்தம், பட்டையில் கத்தி ஓடும் சத்தம், அப்புறம் சிரட்டையில் முதல் சொட்டு. இவ்வளவையும் எதிர்பார்த்து உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்தது தகர டப்பாவுக்குள் தண்ணீர் ஊற்றி அதற்குள் யாரோ நடப்பது போன்ற ஒன்று. அந்த மென்பொருளிடம் இரண்டு வினாடி சீவீட்டைக் காட்டி ‘இதுதான் அழுக்கு’ என்று சொல்லியிருப்பாய். அது எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று கணக்கெடுத்து, அந்த அளவுக்குக் கீழே உள்ளதையெல்லாம் அமுக்கும். ஃபேன் இரைச்சலுக்கு நல்ல மருந்துதான். ஆனால் பால் சொட்டுவது சீவீட்டைவிடச் சின்னச் சத்தமாயிற்றே, அதுவும் சேர்ந்து போய்விட்டது. போன இடத்தில் புல்லாங்குழல் வைத்திருக்கிறாய். ரப்பர் தோட்டத்தில் காலை நாலு மணிக்கு எவன் புல்லாங்குழல் வாசிக்கிறான்?

பாரிஸில் பியேர் ஷாஃபர் என்ற வானொலிக்காரர் 1948இல் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின் இரைச்சலைப் பதிவு செய்து வந்து அதையே இசையாகக் கோத்தார். அவருக்கு இரைச்சல்தான் முதல். நீ சோதனை என்று பெயர் வைத்துக்கொண்டு இரைச்சலைக் கழுவி ஊற்றுகிறாய். குரல்களை அடுக்குவதைக் கேட்டாய். பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1967இல் கனடா வானொலியில் ஐந்து பேரின் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார். செய்து பார், ஆனால் நம்மூர்க் கல்யாண வீட்டுப் பந்தியில் போனை வைத்தாலே அது கிடைத்துவிடும்.

பின்னணி இசையைப் பற்றி இன்னும் திட்ட வேண்டியிருக்கிறது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறாரே, அந்த ஆமாவைக் கேட்பவன் மனசுக்குள் போட்டுக்கொள்ள இடம் வேண்டாமா? இடம் விட்டால் எங்கே தூங்கிவிடுவானோ என்று பயந்து நீ புல்லாங்குழலை ஊற்றுகிறாய். பதிவு முடிந்ததும் போனை அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடு. வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த இடத்து அமைதியையே வை. வெறும் பூஜ்யத்தை வைத்தால் கேட்பவன் கிணற்றில் விழுந்த மாதிரி திடுக்கிடுவான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் இதையே செய்யப் பார்த்தவன். நாகர்கோவில் வானொலி நிலையம் 1984இல் வந்தது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். எங்களில் பலருக்கு ரேடியோக் கிறுக்கு பிடித்தது அப்போதுதான். ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி ஆச்சியின் முன்னால் வைத்து, கள்ளியங்காட்டு நீலி என்ற பேயின் கதையைச் சொல்லச் சொன்னேன். கோழியை விரட்டினேன், தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். ஆச்சி செய்தி வாசிப்பது போல் விறைப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீலி கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கும் கட்டம் வந்தபோது தொழுவத்திலிருந்து மாமா கத்தினார்: “எம்மா, மாட்டுக்குக் காடி வச்சாச்சா?” ஆச்சி சட்டென்று தன் சொந்தக் குரலுக்கு வந்து, “வச்சாச்சுலே, நீ பைய கத்து” என்றாள்.

நான் போட்ட சண்டையில் மாமா அன்று மத்தியானம் என்னோடு பேசவில்லை. அதன்மேலேயே திரும்பப் பதிவு செய்ய நினைத்தேன். இன்னொரு தடவை சொல்ல முடியாது என்று ஆச்சி எழுந்து போய்விட்டாள். அதனால் மட்டும் அது தப்பியது. மாமா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை, அந்த ஒரு கேள்விதான் மிச்சம். கேசட்டைப் போட்டால் இப்போது யாரும் நீலியைக் கேட்பதில்லை. காடிக்காகக் காத்திருக்கிறோம்.

உன் நான்காவது பகுதியின் கழுவாத கோப்பு போனில் இருக்கிறதா? இருந்தால் அப்படியே எனக்கு அனுப்பு. அழித்துவிட்டாய் என்றால் நாளைக்கே அப்பாவோடு மறுபடியும் போ. மழை பெய்தால் வெட்டு இருக்காது, அவர் திண்ணையில் உட்கார்ந்து சாயா குடிப்பதையாவது எடு.

அப்புறம், இருமல் நிறைய இருந்தது என்று எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் காட்டினீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.